பதினெட்டாம் பெருக்கும் ஒரு முழங்காலும்

எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு முன்னால் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வந்துவிடும். என் கணவர் கைபேசியை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பார். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் என்று வரிசை மாறாது. ஸ்ரீரங்கத்தில் இது அதிசயமில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கும்போதும் "மேட்டூர் எவ்வளவுங்க?" என்று கேட்கிற ஊர் இது. மற்றவர்கள் குளிக்கக் கேட்டார்கள், வயலுக்குக் கேட்டார்கள். இவர் பரிசல் விடக் கேட்டார். அதுதான் வித்தியாசம்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், அல்லது வெளிநாட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போய்க் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். இவரும், இவரோடு வேலை பார்த்து இவரோடே ஓய்வு பெற்ற தென்னூர்க் கூட்டாளியும் சேர்ந்து ஒரு பரிசல் வாங்கினார்கள். கூட்டாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பிரம்பு பின்னிய பழைய பரிசல் இல்லை. நீல நிறத்தில், பெரிய வாணலி மாதிரி இருக்கும் ஃபைபர் பரிசல். பெருகமணிப் பக்கம் ஆற்றோரமாக மீன் பிடிக்கிற ஒரு குடும்பத்தின் வாசலில் அதைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஆனி மாதம் தண்ணீர் வந்து ஆறு ஒரு நிதானத்துக்கு வந்ததும் அவர்களுக்கு சீசன் ஆரம்பிக்கும். காலையில் பரிசலைச் சின்ன லாரியில் ஏற்றிக் குளித்தலைப் பக்கம் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆற்றின் போக்கிலேயே மிதந்து வந்து, நடுவில் நாணல் வளர்ந்த ஒரு மணல் திட்டில் ஏறி, நான் கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்குள் பெருகமணியில் கரையேறிவிடுவார்கள். அதற்குக் கீழே முக்கொம்பு அணையின் மதகுகள் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ஆடி பிறந்தால் பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் ஒவ்வொரு வருடமும் வாயை மூடிக்கொண்டு புளிக்காய்ச்சல் கிண்டினேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. ஒரே ஒரு முறை அந்தப் பரிசலில் ஏறியிருக்கிறேன். வழி நெடுக விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அன்றோடு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே பாதி ஆயுள் போய்விட்டது. யார் அழுதுவிட்டுப் பேசுகிறார்கள், யார் பக்கத்தில் ஆள் இருப்பதால் அடக்கிப் பேசுகிறார்கள் என்று இரண்டு வார்த்தையில் தெரிந்துவிடும். ஆறு எனக்குத் தெரியாது. குரல் தெரியும்.

இந்த வருடம் வைகாசி முடிகிற சமயம், வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போது இவருடைய வலது முழங்கால் "டக்" என்றது. சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. தென்னூரில் பாய்க்குத் தெரிந்த எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். உள்ளே ஜவ்வும் கொஞ்சம் கிழிந்திருக்கலாம் என்றார்.

"சம்மணம் போடாதீங்க. குந்தாதீங்க. மண்டி போடவே கூடாது. சில நேரம் மடக்கின கால் அப்படியே மாட்டிக்கும், நீட்ட வராது. அப்ப பலவந்தம் பண்ணாம மெதுவா அசைச்சு விடணும்."

மண்டி என்றதும் பாயும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிசலில் துடுப்புப் போடுகிறவர் முன்பக்கம் மண்டியிட்டுத்தான் போட முடியும். அது எப்போதும் இவர் வேலை. பாய் ஆள் கனம். பரிசல் ஆடாமல் இருக்கப் பின்னால் உட்காருவதும், வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவதும் அவர் வேலை. பேச்சு நின்றால் பாய் தூங்கிவிட்டார் என்று அர்த்தம் என்பார் இவர்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு வைத்தியசாலை ஆனது. காலையில் முடக்கத்தான் தோசை, மதியம் பிரண்டைத் துவையல், சாயங்காலம் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். எதிர் வீட்டம்மா ஒரு தைலம் கொடுத்தார்கள், அதன் வாசனையில் பூனைகூட எங்கள் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டது. பாய் வாரம் தவறாமல் வந்தார். துபாயிலிருந்து மகன் அனுப்பிய களிம்பு ஒரு வாரம், யாரோ ஓதிக் கொடுத்த எண்ணெய் இன்னொரு வாரம். வந்து உட்கார்ந்ததும் முதலில் முட்டியைத்தான் விசாரிப்பார், பிறகுதான் மனிதரை.

"எப்படி இருக்கான் நம்ம ஆளு?"

"இன்னிக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கான் பாய். மாடிப்படி ஏறினேன்."

"இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் போயிடலாம்."

அடுத்த வாரம் வரும். முட்டி மறுபடி வீங்கும். ஆனி அப்படியே கரைந்தது. ஒத்தடம் கொடுத்தது என் கைதான், ஆனால் உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை மறைக்க எனக்கு அவசியமில்லை. வலி பாவம்தான், ஆனால் வலிக்கிற கால் வீட்டில் இருந்தது.

இவர் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிப் போனார். ஊஞ்சலில் காலை நீட்டிக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம், "இன்னும் எத்தனை ஆனி இருக்குன்னு நெனக்கறே?" என்று கேட்டார். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. காரசாரமாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

ஆடி பிறந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆனால் சட்டம் போட்டவர்களே அதற்கு ஒரு சந்தும் கண்டுபிடித்தார்கள். இந்த வருடம் மேட்டூர் நிரம்பவில்லை. அணை நிரம்பினால்தானே உபரித் தண்ணீர், உபரி வந்தால்தானே வெள்ளம் என்றார் இவர். ஆறு ஆனியில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, அதனால் இது ஆடியே இல்லை என்றார் பாய். ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். காபிக்கு முன்னால் வரும் அந்த எண் அசையாமல் இருந்தது. அது அசையாதவரை ஆறும் அசையாது என்று எங்கள் ஊர் முழுக்க நம்பிக்கை.

முட்டியும் சொல்லிவைத்த மாதிரி வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் ஊஞ்சலிலிருந்து எழும்போது சில நேரம் கால் மாட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் இவர் இருமுவார். இருமிக்கொண்டே காலை மெதுவாக அசைத்து, விடுபட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போவார். அந்த இருமல் தொண்டையிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

"பாய்கிட்டச் சொன்னீங்களா, கால் மாட்டுதுன்னு?"

"அதெல்லாம் மாட்டலை. நீ சும்மா இரு."

பதினெட்டாம் பெருக்கு அன்று போவது என்று முடிவு செய்தார்கள். ஒரே ஒரு தடவை. பாய் துடுப்புப் போடுவார், இவர் காலை நீட்டிக்கொண்டு பின்னால் உட்காருவார். மதியம் திரும்பி வந்ததும் எனக்குக் கயிறு கட்டிவிடுவார். பெருக்கு அன்று பெண்கள் ஆற்றங்கரையில் பழைய தாலிக் கயிற்றைக் கழற்றிப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வயதான சுமங்கலி யாராவது கட்டிவிடுவார்கள். எங்கள் புகுந்த வீட்டில் கணவன்தான் கட்ட வேண்டும் என்று வழக்கம். இவருக்கு நல்ல நேரம், ராகுகாலம் எதிலும் நம்பிக்கை கிடையாது. "ஒரு தடவை கட்டினதுக்கே இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வருடா வருடம் அதே கிண்டலைச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவார்.

பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம் பூ வாங்கிக்கொண்டு அம்மா மண்டபம் போனேன். படித்துறையில் கூட்டம் இல்லை. தண்ணீர் அதே அளவுதான் இருந்தது. ஆனால் நிறம் மாறியிருந்தது. காலையில் பச்சையாக ஓடிய ஆறு செம்மண் கரைத்துவிட்ட மாதிரி கலங்கியிருந்தது. சுள்ளிகளும் சருகும் மிதந்து வந்தன, ஒரு பிளாஸ்டிக் குடமும் வந்தது. யாரோ துவைத்துக்கொண்டிருந்த துணியை அவசரமாகச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். எனக்குக் காலை நனைக்க மனம் வரவில்லை. பூவோடு திரும்பிவிட்டேன்.

"தண்ணி செகப்பா இருக்குங்க."

"எங்கேயாவது மழை பெஞ்சிருக்கும்."

"எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேட்டூர்ல நேத்து எவ்வளவோ அதேதான் இன்னிக்கும்." கைபேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எண் அசையவில்லைதான்.

மேட்டூருக்குக் கீழேயும் காவிரியில் ஆறுகள் வந்து சேருகின்றன. மேற்கு மலையில் மழை கொட்டினால் அமராவதி பெருகி, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கும். அந்தத் தண்ணீர் மேட்டூர்க் கணக்கில் வராது. இது ஒன்றும் ரகசியமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரைபடத்தில் நீலக் கோடு போட்டுப் படித்ததுதான். கரூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு அன்று சாயங்காலமே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொன்னார்களாம். எங்களுக்குத்தான் ஆறு என்றால் மேட்டூர். வேறு எந்த எண்ணையும் கேட்டுப் பழக்கமில்லை.

பெருக்கு அன்று பாய் விடியும்போதே காரோடு வந்துவிட்டார். நான் புளியோதரையைத் தூக்குவாளியில் போட்டு மூடினேன். எப்போதும் வாசல்வரை போவேன், அன்று சமையலறையிலேயே நின்றேன். பாய்க்குப் புரிந்தது.

"தங்கச்சி கோவமா இருக்கா?"

"தண்ணி நல்லா இல்ல பாய்."

"நான் இருக்கேன்ல? கால் தரையில படாம கொண்டாந்து சேத்துடறேன்."

இவர் முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி விறுவிறுவென்று படியிறங்கினார். பல வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு களை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் வந்தது, பாசமும் வந்தது. போகாதீங்க என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பார்.

காலை வெயில் ஏறிய பிறகு தேங்காய், பழம், மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்கு நடந்தேன். ஊரே அங்கேதான் இருந்தது. புதுமணப் பெண்கள், காதோலை கருகமணி விற்பவர்கள், வெல்லம் கலந்த அரிசி வாசனை. ஆனால் படித்துறையில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் யாரும் பயப்படவில்லை, பெருக்கு அன்று ஆறு பெருகுவதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்த படி நனைந்தது. ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தேன். அதுவும் நனைந்தது.

"எல்லாரும் மேல வாங்க. அமராவதித் தண்ணி வருது. யாரும் கீழ நிக்காதீங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

முக்கொம்பைத் தாண்டி இங்கே இப்படி என்றால், அதற்கு மேலே ஆற்றின் நடுவில் எப்படி இருக்கும்? கைபேசியில் அவரைக் கூப்பிட்டேன். மணி வெகு நேரம் அடித்தது. எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"திட்டுலதான். சாப்பிட்டாச்சு. புளியோதரை நல்லா இருந்துச்சு."

"பாய் எங்க?"

"இங்கதான்... கை கழுவறார்."

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நெல் அரைக்கிற மில்லுக்குள் நின்று பேசுவது மாதிரி, விடாமல் ஒரு இரைச்சல். பாயின் பேச்சு அதில் இல்லை. பாய் விழித்திருக்கும்போது பேச்சு இல்லாமல் ஒரு நிமிடம் போகாது.

"தண்ணி ஏறுதுங்க. உடனே கெளம்புங்க."

"கெளம்பறோம், கெளம்பறோம். நீ கயித்தைக் கட்டிக்கிட்டியா?"

"நீங்க வந்துதானே கட்டணும்?"

"எனக்கு வர நேரமாகும். பக்கத்துல யாராவது பெரியவங்க இருந்தா இப்பவே கட்டிவிடச் சொல்லு. நல்ல நேரம் போயிடப்போவுது."

இருமினார். தொடர்பு அறுந்துவிட்டது.

நல்ல நேரம் என்ற வார்த்தை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மஞ்சள் கயிறு என் கையில் இருந்தது. சுற்றிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிட்டுக் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, "குடும்மா, நான் கட்டறேன்" என்று கையை நீட்டினார்கள். நான் கயிற்றை முந்தானைக்குள் முடிந்துகொண்டேன். அப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பாய் எண்ணுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. பரிசல் வைத்திருந்த வீட்டம்மாவின் எண் என்னிடம் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு, எந்த ஊருக்கு நேரே, எந்தக் கரைக்குப் பக்கமாக அந்தத் திட்டு என்று சொன்னேன். வருடக்கணக்காக அந்த இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் அந்தத் திட்டைப் பற்றிப் பேசிப் பேசி, போகாத இடம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அதையே தீயணைப்புக்காரர்களுக்கும் சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் பேசுகிற மாதிரியே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பேசி முடித்த பிறகுதான் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டேன்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. தேங்காய், பூ, விளக்கு எல்லாவற்றையும் ஆறு இழுத்துக்கொண்டு போனது. இரைச்சல் மண்டபத்துக்குள் வந்து நிறைந்தது. நான் சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. அந்த முழங்காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனியில் ஒழுங்காக இருந்திருந்தால் ஆனியிலேயே போய்விட்டு வந்திருப்பார்கள். அது தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து சரியாக இந்த நாளில் விட்டிருக்கிறது. வீட்டில் இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்ட கால்.

யாருடைய எண்ணிலிருந்தோ அழைப்பு வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் கேட்டது.

"தங்கச்சி... ஆளு இருக்கார். கரைக்குக் கொண்டாந்துட்டோம்." பாய் அழுதுகொண்டிருந்தார்.

நடந்ததை அவர் பிறகு சொன்னார். சாப்பிட்டு எழுந்தபோது இவருடைய கால் மடங்கியபடியே மாட்டிக்கொண்டது. மணலில் உட்கார்ந்தபடி அதை அசைத்து அசைத்து எடுப்பதற்குள் தண்ணீர் திட்டின் மேல் ஏறி, மணலில் இழுத்து வைத்திருந்த பரிசலைத் தூக்கிவிட்டது. பாய் அதைப் பிடிக்கப் பாய்ந்தார். பிடித்தார், ஆனால் பரிசல் அவரையும் இழுத்துக்கொண்டு போய் வெகுதூரம் தள்ளிக் கரையில் ஒதுக்கியது. அவர் ஓடி வந்தபோது பரிசல் வைத்திருந்த வீட்டு மீன்காரக் குடும்பம் கயிறும் தங்கள் பரிசலுமாக ஏற்கெனவே கிளம்பியிருந்தது. திட்டு மூழ்கிவிட்டது. அதன் மேல் இருந்த ஒரு சீமைக்கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீட்ட வராத காலோடு, இடுப்பளவு தண்ணீரில் இவர் நின்றார். அங்கே நின்றுதான் என்னோடு பேசியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கையெல்லாம் முள் கீறல். நாற்காலியில் உட்காரவைத்துக் காலை ஸ்டூலின் மேல் நீட்டினோம். பாய் இவருடைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை எடுத்தேன். இவரால் எழுந்து நிற்க முடியாது, குனியவும் முடியாது. அதனால் நான் அவர் முன்னால் மண்டியிட்டு, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டேன். கயிற்றை வாங்கிக்கொண்டார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"போன்ல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"சாயங்காலம் ஆயிட்டா உனக்கு யாரும் கட்டிவிட மாட்டாங்களேன்னு நெனச்சேன்."

முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்துவிட்டு இன்னொரு தடவை கட்டச் சொன்னேன்.